குண்டில்லாமல் வெடித்த தோட்டா

அத்தியாயம் ஏழு

"நான்தான் சுட்டேன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றார் ஓரின் ஹால்வர்சன்.

அறுபத்தெட்டு வயது. மொன்டானா மலைக்குளிரில் முற்றிப்போன முகம். நாற்பது வருடம் துப்பாக்கி பழுது பார்த்த கைகள் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. டன்மோர் சிறையின் சந்திப்பு அறையில் கடிகாரம் காலை பத்து என்றது. மதியம் இரண்டு மணிக்கு நீதிபதி முன்னால் நின்று இதே வாக்கியத்தை அவர் சொல்லிவிட்டால், மிச்ச ஆயுள் மொத்தமும் கம்பிக்குப் பின்னால்தான். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. கவலை எல்லாம் எம்மெட்டுக்கு.

எம்மெட் முன்பு உள்ளூர் ரேடியோவில் பன்றி விலை வாசித்துக்கொண்டிருந்தவன். வாயை அளந்து பேசச் சொன்னார்கள் என்பதற்காக வேலையை விட்டான். இப்போது வெர்னா ஓக்ஸுக்கு உதவியாளன். வெர்னா பதினெட்டு வருடம் வனக்காவலில் கள்ள வேட்டைக்காரர்களைத் துரத்திவிட்டு, ஐம்பதாவது வயதில் தனியாகத் துப்பறிய வந்தவள். இருவருக்கும் சேர்த்துப் பேசுவது எம்மெட்டின் வேலை, யோசிப்பது வெர்னாவின் வேலை.

"எங்க நின்னு சுட்டீங்க?" என்றாள் வெர்னா.

"சாபக் மேட்டுல. பெரிய பைன் மரத்துக்குப் பக்கத்துல."

அது பேப்பரிலேயே வந்திருந்தது.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

அதுவும் வந்திருந்தது.

"வெடிச்ச தோட்டாக் கூட்டை ஏன் அங்கயே விட்டுட்டு வந்தீங்க?"

ஓரின் முதல் தடவையாகத் தடுமாறினார். "மறந்துட்டேன்."

எம்மெட்டால் அடக்க முடியவில்லை. "மேடம், போன வருஷம் சுடுற மைதானத்துல இவரோட கூடு ஒண்ணு புல்லுக்குள்ள காணாமப் போச்சு. ஏழு பேரை அரைமணி நேரம் நகர விடலை. என்னை முட்டி போட்டுத் தேட வச்சார். இவர் பல்செட்டை வேணா மறந்து வச்சிட்டு வருவார். கூட்டை மறக்க மாட்டார்."

"உன் வாயை மூடு," என்றார் ஓரின்.

"அவன் சொல்றது பொய்யா?" என்றாள் வெர்னா.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னை வேலைக்கு வச்சது என் பொண்ணு. நான் இல்லை. ஐடாகிட்டப் போய் இதோட விடச் சொல்லு. யாரும் எதையும் தோண்ட வேண்டாம், வெர்னா. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

ஓரின் ஹால்வர்சன் கெஞ்சி இந்த ஊர் பார்த்ததில்லை. வெளியே வந்த பிறகும் அந்தக் குரல் எம்மெட்டின் காதைவிட்டுப் போகவில்லை.

"பழியைத் தலையில இழுத்துப் போட்டுக்கறார் மனுஷன்," என்றான்.

"அது தெரியுது. யாருக்காகன்னுதான் தெரியணும்," என்றாள் வெர்னா.

*

வழக்கு, சொன்னால் இரண்டு நிமிடக் கதை. போன சனிக்கிழமை காலையில் பண்ணைக்காரன் பர்க் டாலிவர் சாபக் மேட்டுக்குக் கீழே தன் சொந்த மேய்ச்சல் நிலத்தில் சுடப்பட்டுச் செத்தான். உடல் கிடைத்தது ஞாயிறு இரவு. பர்க் செத்ததற்கு ஊரில் யாரும் சாப்பாட்டைத் தள்ளி வைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ஐடாவின் புருஷனை மோதிக் கொன்றவன் அவன். நல்ல வக்கீலை வைத்து வெளியே வந்தான். அன்றிலிருந்து மாமனார் ஓரினுக்கும் ஆறவில்லை, மகளுக்கும் ஆறவில்லை. இவனை ஒரு நாள் யாராவது சுடத்தான் போகிறார்கள் என்று காப்பிக் கடையில் நாலு பேர் முன்னால் ஐடா சொன்னது ஊருக்கே தெரியும்.

இருந்தும் ஓரினைத்தான் பிடித்தார்கள். காரணம், ஷெரீப் கிம்பலின் மேசைமேல் பிளாஸ்டிக் பையில் கிடந்த பித்தளைக் கூடு.

"நல்லா பாத்துக்கோங்க. குற்றவாளி தரப்பு பாக்கலாம்னு சட்டம் சொல்லுது, அதனால காட்டறேன்," என்றார் கிம்பல். பெரிய மீசையும் சிறிய பொறுமையும் கொண்ட மனிதர். "ஆனா எதுக்குன்னு தெரியலை. அவரே ஒத்துக்கிட்டார்."

வெர்னா கையுறை மாட்டிக்கொண்டு கூட்டை எடுத்தாள். அடியில் பொறித்திருந்த முத்திரை, டன்மோரில் எந்தக் கடையிலும் கிடைக்கிற முப்பது-நாட்-ஆறு என்ற வேட்டைத் தோட்டா ரகத்தைச் சொன்னது. ஆனால் அந்த ரகத்துக்கு இவ்வளவு ஒல்லிக் கழுத்து கிடையாது. கழுத்துக்குக் கீழே சரிகிற தோளும் இப்படி வெட்டி வைத்தது போல் இருக்காது.

எம்மெட் எட்டிப் பார்த்தான். "என் மாமியார் வீட்டு பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கு. மேல பிஸ்கட்னு எழுதியிருக்கும். திறந்தா நூல்கண்டும் ஊசியும்."

"அதேதான்," என்றார் ஷெரீப். "இதுக்குக் காட்டுப்பூனைன்னு பேர். கம்பெனி பண்ணாது, கடையில விக்காது. கடைச் சரக்கோட கூட்டை எடுத்து, கழுத்தை நெரிச்சு, தோளைத் தள்ளி, அவனவன் தனக்குன்னு ஒரு தோட்டா பண்ணிக்கறது. இது இருபத்தஞ்சு ஹால்வர்சன். இதுக்குப் பொருந்தற துப்பாக்கி உலகத்துலயே ஒண்ணுதான். ஓரின் கடைச் சுவத்துல இருந்து எடுத்து வச்சிருக்கேன். இதைவிட என்ன சாட்சி வேணும்? அவர் தன் பேரையே கையெழுத்துப் போட்டு அங்க விட்டுட்டு வந்திருக்கார்."

"பர்க் உடம்புல பாஞ்ச குண்டு?"

"துளைச்சிட்டுப் போயிடுச்சு. மூணு அடி பனிக்குள்ள எங்க தேடறது?"

"கூட்டை யார் கண்டுபிடிச்சது?"

"செவ்வாய்க்கிழமை இருபது பேர் மேட்டை அலசினோம். பர்க் தம்பி வேட்தான் பைன் மர வேர்ல இருந்து எடுத்தான். பாவம், அண்ணன் செத்தப்ப அவன் பில்லிங்ஸ்ல மாட்டு ஏலத்துல இருந்திருக்கான். திரும்பி வந்து கேட்டதும் உடைஞ்சு போயிட்டான்."

வெர்னா சட்டைப்பையிலிருந்து விரல் நீள டார்ச்சை எடுத்துக் கூட்டுக்குள் அடித்தாள். ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தாள். "ஷெரீப், ஒரு வெள்ளைத்தாள் கொடுங்க. நான் பண்றதை நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க."

தாளின் மேல் கூட்டைக் கவிழ்த்து மெல்லத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினாள். ஐந்தாறு துணுக்குகள் உதிர்ந்தன. மஞ்சள் நிறம், ஓரம் மட்டும் கருகியிருந்தது.

"மண்ணு," என்றார் ஷெரீப்.

எம்மெட் குனிந்து மோந்து பார்த்தான். "மண்ணு இல்லை. தீஞ்ச சோள ரொட்டி. என் வீட்டுல வாரத்துல மூணு நாள் இந்த வாசனைதான். தூக்கத்துல கூடச் சொல்லுவேன்."

"எலி கொண்டு வந்து வச்சிருக்கும்."

"டன்மோர்ல எலி சோளத்தை வறுத்தா சாப்பிடுது?"

ஷெரீப்புக்குச் சிரிப்பு வரவில்லை. வெர்னாவோ அவர்கள் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. அந்த மஞ்சள் துணுக்குகளைக் காகிதத்தோடு மடித்து, ஷெரீப்பிடம் கையெழுத்து வாங்கி, அவரிடமே கொடுத்தாள். "பத்திரமா வைங்க. ரெண்டு மணிக்கு முன்னாடி திரும்பி வருவேன்."

"வந்து?"

"தெரியலை."

வெர்னா தெரியலை என்று சொல்லும்போதெல்லாம் பாதி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எம்மெட் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினான்.

*

ஊருக்கு வெளியே ஒன்பது மைலில் ஓரினின் வீடு. கடை பின்பக்கத்துக் கொட்டகையில். ஐடா கதவைத் திறந்தபோது மணி பதினொன்றே கால். புருஷன் போன பிறகு அப்பாவோடுதான் இருக்கிறாள். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். கையில் அப்பாவின் நல்ல கோட்டு, அதன் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுல நல்லபடியா தெரியணும்ல," என்றாள். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் அதையேதான் சொல்றாரா?" என்று கேட்டாள்.

"சொல்றார்."

"பொய். எங்கப்பாவால அது முடியாது. ஊர்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் சண்டை போட்டுட்டு வந்தேன். அவர் சுட்டார்னு என்னால ஒரு நிமிஷம் கூட நினைக்க முடியலை, வெர்னா."

வெர்னா அவள் தோளைத் தொட்டாள். "உங்க அப்பா அந்தத் தோட்டாவை எப்படிப் பண்ணுவார்னு எனக்குக் காட்டு. ஆதியில இருந்து."

கொட்டகைக்குள் எண்ணெயும் பித்தளையும் கலந்த வாசனை. ஐடா அச்சு இருந்த கருவியைக் காட்டினாள். கடைக்கூட்டின் கழுத்தை அதில் வைத்து நெரித்துச் சிறிதாக்குவது முதல் வேலை. கழுத்து அதில் அமைந்துவிடும். தோள் மட்டும் அமையாது.

"தோளுக்கு நெருப்பு வேணும்," என்றாள் ஐடா. "கூட்டைத் துப்பாக்கிக்குள்ள வச்சு ஒரு தடவை வெடிக்கணும். வெடி உள்ளேயிருந்து தள்ளும், பித்தளை உப்பி துப்பாக்கியோட வயித்துக்குள்ள அச்சா உக்காரும். அப்பதான் அது இருபத்தஞ்சு ஹால்வர்சன். அதுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லை."

"அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல குண்டை வீணாக்குவாரா?"

"குண்டு எதுக்கு? கொஞ்சம் வெடிமருந்து, அதுக்கு மேல நொய், மேல மெழுகு வச்சு அடைச்சிருவார். வானத்தைப் பாத்துச் சுடுவார். நொய் தெறிச்சு வெளியே போகும், கூடு உப்பிக்கும். அவ்வளவுதான்."

எம்மெட் காதில் விழுந்ததை நம்பாமல் திரும்பக் கேட்டான். "அப்ப அந்தக் கூடு வெடிச்சது, ஆனா அதுல குண்டே கிடையாது?"

"கிடையாது. அது வெறும் நொய் சுட்ட கூடு. அதைக் கழுவி, திரும்ப மருந்தும் குண்டும் வச்சாதான் தோட்டா."

"குண்டு வச்சுச் சுட்டதுக்கு அப்புறமும் நொய் உள்ள ஒட்டியிருக்குமா?" என்றாள் வெர்னா.

"எப்படி இருக்கும்? ஒண்ணு, கழுவியிருக்கணும். ரெண்டு, அந்த வெடியில எல்லாம் சாம்பலாகியிருக்கும்." ஐடாவின் கண்கள் அகன்றன. "ஏன், அந்தக் கூட்டுல இருந்துச்சா?"

"இருந்துச்சு. மஞ்சளா."

"மஞ்சளா?" ஐடா ஊசியைக் கோட்டில் குத்தி வைத்தாள். "மஞ்சளா இருக்காதே. அப்பா எப்பவும் கோதுமை நொய்தான் போடுவார். வெள்ளையா இருக்கும், நாங்க காலையில கஞ்சி காய்ச்சறது." அவள் பேச்சை நிறுத்திக் கூரையைப் பார்த்தாள். "இருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நொய் டப்பா காலி. கடை மூடியாச்சு. என் அடுப்படிக்கு வந்து சோளக்குருணை கேட்டார். நாப்பது வருஷத்துல முதல் தடவை. நாத்தம் தாங்கலைன்னு திட்டிக்கிட்டே சுட்டார்."

எம்மெட் விரல் விட்டு நாள் எண்ணினான். எண்ணியதை உள்ளேயே வைத்துக்கொள்வது அவன் உடம்புக்கு ஆகாது.

"பர்க் செத்தது சனிக்கிழமை காலையில. இந்தக் கூடு பிறந்ததே ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பிறக்காத பிள்ளை கொலை பண்ணியிருக்கு. மேடம், நான் போய் ஷெரீப்பை முத்தமிட்டு வரட்டுமா?"

"நில்லு." வெர்னா ஐடாவைப் பார்த்தாள். "ஞாயிறு சுட்ட கூடெல்லாம் எங்க இருந்துச்சு?"

"அந்த வாளியில. கழுவணும்னு வச்சிருந்தார். செவ்வாய்க்கிழமை வந்து அவரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க, அப்படியே கிடக்கு."

"நடுவுல இங்க யார் வந்தா?"

"திங்கள் எங்களுக்குக் கடை லீவு. யாரும்…" ஐடா நிறுத்தினாள். "வேட் வந்தார். மத்தியானம். அண்ணன் செத்ததை ஊர்க்காரங்க சொல்றதுக்கு முன்னாடி தானே சொல்லணும்னு வந்தாராம். ஆறு மாசமா எங்ககூடப் பேச்சே கிடையாது. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு, காப்பி போட உள்ள போனேன். அப்பாவும் முகம் கழுவப் போனார். வேட் மட்டும் தனியா இந்த வேலைப் பலகைகிட்ட நின்னுக்கிட்டிருந்தார்."

வேட் துப்பாக்கி பிடிக்கிற ஆள்தான். ஆனால் கடையில் பெட்டி வாங்கி, சுட்டு, கூட்டை வீசிவிட்டுப் போகிற ஆள். அவனுக்கு வெடித்த கூடு எல்லாம் ஒரே கூடு. ஓரினைப் போன்றவர்கள் கூட்டில் எத்தனை பிறவி பார்ப்பார்கள் என்பது அவனுக்கு எங்கே தெரியப் போகிறது என்று எம்மெட் நினைத்தான். வெர்னா முகத்தில் மட்டும் இன்னும் நிம்மதி வரவில்லை.

"சோளக்குருணை ஞாயித்துக்கிழமைதான் போட்டார்ங்கறதுக்கு உன்னைத் தவிர சாட்சி உண்டா, ஐடா?"

"இல்லை."

"வேட் உள்ள வந்ததுக்கு?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"அப்பாவைக் காப்பாத்தப் பொண்ணு கதை கட்டறான்னு சொல்லுவாங்க. அந்த அப்பாவே குற்றத்தை ஒத்துக்கறார். இது பத்தாது." வெர்னா சுவரைப் பார்த்தாள். துப்பாக்கி தொங்கின இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது, துப்பாக்கி ஷெரீப்பிடம். "சனிக்கிழமை காலையில இந்தத் துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

ஐடா கோட்டில் குத்திய ஊசியைப் பிடுங்கித் திரும்பக் குத்தினாள்.

"என்கிட்ட," என்றாள் கடைசியில். "எல்க் மானுக்காக சாபக் மேட்டுக்கு அந்தப்பக்கம் போனேன். ஒரு தடவை சுட்டேன், தப்பிடுச்சு. கூட்டைப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டு பதினோரு மணிக்கெல்லாம் வந்துட்டேன். தனியா போனா அப்பா கத்துவார்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை காலையில துடைக்கப் போனா, ஏற்கனவே துடைச்சு வச்சிருந்துச்சு."

"அப்ப யாரோ சுட்டிருக்காங்கன்னு அப்பாவுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும். ஆனா ஒண்ணும் கேட்கலையே."

எம்மெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் எதையும் தோண்ட வேண்டாம். அந்தக் கிழவர் யாருக்காகச் சிறைக்குப் போகத் துடிக்கிறார் என்பது தெரிந்துவிட்டது. ஐடாவிடம் சொல்லிவிடலாமா என்று வெர்னாவைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"மேட்டுல உன்னை யாராவது பாத்தாங்களா?"

"மான் கூடப் பாக்கலை."

"ஒருத்தன் பாத்திருக்கான்," என்றாள் வெர்னா. "அந்தத் துப்பாக்கி அன்னைக்கு வெளியில போச்சுன்னு தெரியாம எவனும் அதோட கூட்டைத் திருட மாட்டான். சுவத்துலயே தொங்கியிருந்தா அவன் திட்டம் பாழ். அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எம்மெட், வண்டியை எடு. ஐடா, நீயும் வா. கோர்ட்டுல நான் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காத."

*

ஒன்று முப்பத்தைந்துக்கு கோர்ட்டின் நீள வராந்தாவில் ஓரினைக் கைவிலங்கோடு உட்கார வைத்திருந்தார்கள். ஷெரீப் கிம்பல் பக்கத்தில் நின்றார். எதிர் பெஞ்சில் வேட் டாலிவர், தொப்பி மடியில், அண்ணனைப் பறிகொடுத்த முகத்தோடு. வேட்டைக்குப் போடுகிற கம்பளிக் கோட்டுதான் போட்டிருந்தான். அண்ணன் பண்ணையை வசந்தத்தில் விற்கப் போவதாக இருந்தான் என்றும், தம்பிக்கு அதில் ஒரு வேலி முள்கூடக் கிடைக்காது என்றும் ஊரில் பேச்சு. இப்போது விற்க ஆள் இல்லை.

ஐடா கோட்டை நீட்டினாள். "போட்டுக்கோங்கப்பா."

ஓரின் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெர்னா நேராக ஷெரீப்பிடம் போனாள். வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினாள். "ஷெரீப், இவரை விட்டுடலாம். வழக்கு நிக்காது."

"எதனால?"

"அந்தத் துப்பாக்கி சனிக்கிழமை முழுக்கக் கடைச் சுவத்துல தொங்கியிருக்கு. கண்ணால பாத்த வாடிக்கைக்காரங்க மூணு பேர் இருக்காங்க. எழுதிக் கொடுக்கறாங்க."

எம்மெட் வெர்னாவைத் திரும்பிப் பார்த்தான். ஆறு வருடப் பழக்கத்தில் வெர்னா பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. சொன்னதும் எவ்வளவு பெரிய பொய். ஓரின் தலையைத் தூக்கினார். தொங்கவில்லை என்று, வெர்னாவையும் எம்மெட்டையும் விட்டால், அந்த வராந்தாவில் தெரிந்தவர்கள் அவரும் ஐடாவும் மட்டும். இன்னொருவன் இருந்தால் இப்போது தெரியும்.

"மூணு பேரா?" என்றார் ஷெரீப்.

"மூணு பேர். காலை எட்டு மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும். துப்பாக்கி அசையலை. அப்ப ஓரினும் இல்லை, இந்தத் துப்பாக்கியும் இல்லை. வேற யாருன்னு நீங்க முதல்ல இருந்து தேடணும். பர்க் செத்தா யாருக்கு லாபம்னு ஆரம்பிக்கலாம்."

வேட் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்தான். ஷெரீப் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அந்த யோசனையை வேட்டால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மூணு பேரும் பொய் சொல்றாங்க, ஷெரீப்," என்றான்.

"அப்படியா?" என்றாள் வெர்னா. "அவங்க பாத்திருக்காங்களே."

"எதைப் பாத்தாங்க? வாடிக்கைக்காரங்கன்னா ஓரினுக்கு வேண்டியவங்க. காசு வாங்காம பொய் சொல்லுவாங்க."

"மூணு பேருமேவா?"

"சுவத்துலயாம். அது ஐடா தோள்ல தொங்குச்சு. அவதான் சாபக் மேட்டுக்கு அந்தப்பக்கம் அதைத் தூக்கிக்கிட்டு…"

வேட் அதோடு நிறுத்தினான். ஆனால் நிறுத்த வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

ஓரின் விலங்கோடு எழுந்துவிட்டார். "பொய். அவ வீட்டுல இருந்தா. நான்தான் சுட்டேன். நான்தான்னு எத்தனை தடவை சொல்றது? நீதிபதியைக் கூப்பிடுங்க."

"உக்காருங்க, ஓரின்," என்றார் ஷெரீப். அவர் பார்வை வேட் முகத்தைவிட்டு நகரவில்லை. "அவ மேட்டுல இருந்ததை நீ எப்படிப் பாத்த, வேட்?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"யாரோ. ஊர்ல."

"செத்த நேரத்துல நீ பில்லிங்ஸ்ல மாட்டு ஏலத்துல இருந்ததா எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க."

"இருந்தேன். இல்லைன்னு யார் சொன்னா? ஐடாவைக் கேளுங்க ஷெரீப். மேட்டுல இருந்தவ அவ. கூடும் அவ விட்டது. என்னை ஏன் கேட்கறீங்க?"

இதற்காகத்தான் வெர்னா காத்திருந்தாள். ஷெரீப்பிடம் மடித்துக் கொடுத்திருந்த காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்தாள்.

"அந்தக் கூட்டைச் சனிக்கிழமை யாராலயும் விட்டிருக்க முடியாது," என்றாள். நொய்யைப் பற்றியும், ஞாயிறு சாயங்காலம் காலியான டப்பாவைப் பற்றியும், ஐடாவின் அடுப்படியிலிருந்து போன சோளக்குருணையைப் பற்றியும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். "இந்தக் கூட்டுல குண்டே இருந்ததில்லை. கழுவாத வாளியில இருந்து எவனோ பொறுக்கிப் பையில போட்டிருக்கான். கழுவாத கூடு, உதிரும். வேட், திங்கட்கிழமை ஓரின் கடைக்குப் போனப்ப இதே கோட்டுதானே?"

வேட் குனிந்து தன் கோட்டைப் பார்த்தான். அவன் வலது கை தானாகப் போய்க் கோட்டுப்பையை மூடியது.

ஷெரீப் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பையை வெளியே இழுத்தார். தையல் மடிப்பில் அழுக்கும் நூலும். அவற்றுக்கு நடுவே நாலைந்து மஞ்சள் துணுக்குகள், ஓரம் கருகி.

"எலிதான்," என்றான் எம்மெட். "ரெண்டு கால்ல நடக்கிற எலி."

கிம்பல் அதற்கும் சிரிக்கவில்லை. ஓரினின் விலங்கைக் கழற்றி அதே விலங்கை வேட்டுக்கு மாட்டினார். அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, அண்ணன் தன்னை நாய் மாதிரி நடத்தினான் என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனான். கதவு சாத்தியதும் அதுவும் கேட்கவில்லை.

எம்மெட்டுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சந்தோஷப்படவில்லை. ஓரின் விலங்கு அழுத்தின மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐடா கோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறுவதை எம்மெட் பார்த்தான். போய்விடலாம் என்று தோன்றியது. இருந்தும் நின்றான்.

"நீங்க சுடலை," என்றாள் ஐடா.

"இல்லை."

"அப்ப ஏன் சுட்டேன்னு சொன்னீங்க?"

அவர் மணிக்கட்டைத் தேய்த்தார்.

"துப்பாக்கியை நீங்க துடைச்சீங்க. நான் எடுத்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். கூடு கிடைச்சதும்…" ஐடா கோட்டைப் பெஞ்சில் வைத்தாள். "அப்பா, நான் கொன்னேன்னு நினைச்சீங்களா?"

"அவன் உன் புருஷனைக் கொன்னவன்."

"நினைச்சீங்களா?"

"ஆமா."

"நான் உங்களைப் பத்தி ஒரு நிமிஷம் கூட அப்படி நினைக்கலை. ஒரு நிமிஷம் கூட. நீங்க திங்கக்கிழமை ராத்திரி என்னைக் கொலைகாரின்னு நினைச்சுக்கிட்டு என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

ஓரின் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். காலையில் கெஞ்சியபோதுகூட இந்த முகம் இல்லை.

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு," என்றார்.

வராந்தாவின் அந்தக் கோடியில் யாரோ இரண்டு மணி வழக்கைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

"இப்ப கேளுங்க," என்றாள் ஐடா.

"இப்ப எதுக்கும்மா? அதான் எல்லாம்…"

"இல்லை. ஷெரீப்புக்குத் தெரிஞ்சது, வெர்னாவுக்குத் தெரிஞ்சது. நீங்க என்கிட்டக் கேளுங்க."

அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை, பக்கத்தில் நின்ற எம்மெட்டுக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார்.

"நீ சுட்டியா, ஐடா?"

"இல்லைப்பா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அழுதாள்.